முதல் பக்கத்தில் உன் பெயர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. பினாங்கில் அனைவரும் நலம். அம்மாவின் முட்டிவலி மட்டும் பழையபடியே.

இரவெல்லாம் விழித்து நீ தயாரித்த அறிக்கையை மேலாளர் கூட்டத்தில் வாசித்தார், உன் பெயரைச் சொல்லவே இல்லை என்றாய். அதோடு விட்டிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். "நாலு பேர் கவனிக்க வேண்டும் என்று ஏங்குகிறேனே, எனக்கே கேவலமாக இருக்கிறது அப்பா" என்றாய் பார், அதுதான் உறுத்துகிறது.

இதில் என்னம்மா கேவலம்? அறிவியல் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பி நம் கடைக்கு முடிவெட்ட வருவான். அவன் சொன்ன கதை இது. 1970-இல் கேலப் என்ற அமெரிக்க ஆய்வாளர், கண்ணாடிக்குப் பழகிய சிம்பன்சிகளை மயக்கி, புருவத்திலும் காதிலும் சிவப்புச் சாயம் தடவினார். விழித்த பிறகு கண்ணாடியைப் பார்த்ததும் அவை தம் புருவத்தையே தொட்டுத் தடவின. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்ற விவரம் மனிதக் குழந்தைக்கே ஒன்றரை, இரண்டு வயதில்தான் வருகிறதாம். விசேஷம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. பிறந்ததிலிருந்து தனியே அடைத்து வளர்த்த சிம்பன்சிகளுக்கு, கண்ணாடியில் தெரிவது தாம்தான் என்று பிடிபடவே இல்லை. கேட்டதும் கத்தரிக்கோல் கையில் அப்படியே நின்றுவிட்டது.

வெட்டி முடித்ததும் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? பிறந்த நாள் முதல் சுமக்கிற தலைதான். பின்பக்கத்தை இன்னொருவர் காட்டினால்தான் உண்டு. தீபாவளி நெருக்கத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றாலும், அதைக் காட்டாமல் யாரையும் நாற்காலியிலிருந்து எழுப்புவதில்லை.

மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கமிருந்து ஒரு பெரியவர் வருகிறார். வெட்ட முடியே கிடையாது, காதோரம் நாலு இழை. மனைவி போன பிறகு அடிக்கடி வருகிறார். "கொஞ்சம் இளைத்துவிட்டீர்களே ஐயா" என்றால் போதும், சர்க்கரை அளவிலிருந்து மருமகள் சமையல் வரை பேசித் தீர்த்துவிட்டுத்தான் எழுவார். காசு வேண்டாம் என்றால் கோபம் வரும். அவரைப் புகழுக்கு அலைகிறவர் என்று யார் சொல்வார்?

அலைகிறவர்களும் இருக்கிறார்கள். பாதி வெட்டும்போதே, கழுத்தில் துணியோடு தன்னைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நொடிக்கொரு தரம் எட்டிப் பார்க்கும் பிள்ளைகள். (ஆடாமல் இரு தம்பி, காது போய்விடும் என்று அதட்டுவேன்.) அவர்களோடு உன்னைச் சேர்த்துக்கொள்ளாதே. உன் உழைப்பு உன்னுடையது என்று தெரிய வேண்டும் என்கிறாய், அவ்வளவுதான்.

மேலாளர் மறந்தாரோ, மறைத்தாரோ, கோலாலம்பூரில் இருக்கும் உனக்குத்தான் தெரியும். எதுவானாலும் அடுத்த அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, தயாரித்தவர் என்று உன் முழுப்பெயரைப் போடு. அடையாள அட்டையில் உள்ளபடி போட்டால் என் பெயரும் கூடவே வரும். எனக்கும் ஆசை இருக்காதா?

தைப்பூசத்துக்கு பஸ் டிக்கெட்டை இப்போதே எடுத்து வை. நாள் நெருங்கினால் கிடைக்காது.

அன்புடன்,
அப்பா