மேற்குக் கரையை மண்ணாகவே விடுங்கள்

எங்கள் குளத்தைச் சீரமைக்கும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். மாதவரத்துக்கும் மணலிக்கும் நடுவில் எந்தக் குளத்தைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். மூன்று கரையில் சுவர் எழும்பிவிட்டது, மேற்குக் கரைதான் பாக்கி. அதை மண்ணாகவே விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மணலியில் இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலை ஐந்தரை மணிக்குக் குளத்தோரமாக வீடு திரும்புகிறவன் நான். போன வாரம் மழை ஓய்ந்த ஒரு காலையில் வடக்குச் சுவருக்கு உள்பக்கம் பிறாண்டும் சத்தம் கேட்டது. எலி என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் பாலாமை, சோற்றுத்தட்டு அகலம் இருக்கும். நான்கடிச் செங்குத்துச் சுவரில் நகத்தை ஊன்றி எழுகிறது, சறுக்கி மல்லாந்து விழுகிறது. அந்த வெள்ளை வயிற்றைப் பார்த்துத்தான் அதற்குப் பாலாமை என்று பேரே வைத்திருப்பார்கள். கழுத்தை நீட்டித் தரையில் ஊன்றிப் புரண்டு நிமிர்கிறது. இரண்டடி தள்ளிப் போய் மறுபடி எழுகிறது. சுவர் நெடுகப் புதுச் சிமெண்டில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள். ராத்திரி முழுக்க இதே வேலையாக இருந்திருக்கும்.

இறங்கித் தூக்கினேன். பின்கால்களை உள்ளே இழுத்து, அடியிலிருக்கும் இரண்டு மடல்களையும் டப்பா மூடி மாதிரி மூடிக்கொண்டது. மேற்குக் கரையில் விட்டேன். கால் மணி நேரம் அசையவில்லை. அப்புறம் மூக்கு தெரிந்தது, கழுத்து வந்தது, கோரைக்குள் போய்விட்டது.

பாலாமை தண்ணீரில் வாழ்ந்தாலும் தண்ணீரில் முட்டையிடாது. கரையேறி, மண்ணைத் தோண்டி, பெரிய கோலிக்குண்டு மாதிரி உருண்டையான முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போகும். இதே குளத்தில் இருக்கும் கறுப்பு ஆமைக்கும் முட்டையிடவும் வெயில் காயவும் கரைதான் வேண்டும். சிமெண்டைத் தோண்ட இரண்டுக்கும் தெரியாது.

வைகாசியில் தூர் வாரியதை இத்தனை நாள் பேசாமல் விட்டிருந்தேன், இப்போது சொல்கிறேன். குளம் வற்றினால் பாலாமை சேற்றுக்குள் புதைந்து, மழை வரும்வரை கிடக்கும். அந்தச் சேற்றைத்தான் பொக்லைன் அள்ளி லாரியில் போட்டது. மண் கொட்டிய இடத்தில் எங்கள் தெருப் பையன்கள் மூன்று ஆமைகளைக் கண்டார்கள். இரண்டு ஓடு பிளந்து கிடந்தன. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் பாலாமை. தூக்கி அந்தப் பக்கம் விட்டதற்கே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. பொக்லைனுக்கு அப்படி ஒன்றும் இல்லை போலிருக்கிறது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். ஆமை வீட்டுக்குள் பொக்லைன் புகுந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

நம் ஊரில் ஆமை என்றாலே கடல் ஆமைதான். தை, மாசியில் கடற்கரையில் அதன் முட்டைகளைக் காக்க ராத்திரி முழுக்க நடக்கிறார்கள், நல்ல விஷயம். குளத்து ஆமைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் தெருக்காரர் ஒருவர் ரோட்டில் கிடந்த பாலாமையைப் புண்ணியமாகப் போகட்டும் என்று காசிமேடு போய்க் கடலில் விட்டுவிட்டு வந்தார். உப்புத்தண்ணீர் அதற்கு ஆகாது என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இன்னும் சிலர் கடையில் வாங்கி வளர்த்த சிவப்புக் காது ஆமை பெரிதானதும் கொண்டுவந்து குளத்தில் போடுகிறார்கள். அமெரிக்க ஆமை அது, நம் ஆமையின் இரையிலும் இடத்திலும் பங்கு கேட்கும். நீங்களும் உங்கள் பங்குக்குப் பூங்கா வாசலில் சிமெண்டில் ஓர் ஆமை வைத்திருக்கிறீர்கள். துடுப்புக் கால்களோடு, சிரித்துக்கொண்டு. இந்தக் குளத்தில் இனி முட்டையிடாமலே நிலைத்திருக்கப் போகிற ஆமை அது ஒன்றுதான்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன்.

சுவர் ஏன் வந்தது என்று எனக்கும் தெரியும். அது இல்லாவிட்டால் நாலு மாதத்தில் குப்பை வண்டி வரும், ஆறு மாதத்தில் கொட்டகை வரும். அதனால் தடுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேற்கில் மட்டும் அதைத் தண்ணீர் விளிம்பில் கட்டாமல், பத்துப் பதினைந்து அடி தள்ளி ரோட்டோரமாகக் கம்பி வேலியாகப் போடுங்கள். உள்ளே மண் சரிவாக இருக்கட்டும். மண் கரையாமல் கோரையும் அருகும் பிடித்துக்கொள்ளும். சுவரை விட வேலிக்குச் செலவும் குறைவாகத்தான் வரும்.

மேற்குச் சுவருக்கான கம்பி திங்கட்கிழமை வந்து இறங்குகிறது என்று மேஸ்திரி சொன்னார். அதற்குள் உங்களில் ஒருவராவது காலை ஐந்தரைக்கு வந்து வடக்குச் சுவரிலிருக்கும் கீறல்களைப் பார்த்துவிட்டுப் போகும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முக்கு டீக்கடை அப்போதே திறந்திருக்கும். டீ என் கணக்கு.

இப்படிக்கு,
குளத்தங்கரைத் தெருவாசி ஒருவன்