கையில் கிடைத்த செம்மண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆதிமனிதர்களின் ஈமச் சடங்கு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: "கையில் கிடைத்த செம்மண்ணை அள்ளிப் பிணத்தின் மேல் தூவிவிட்டுப் போனார்கள்." தூவிவிட்டுப் போனார்களாம், கோலப்பொடி மாதிரி!

ஆஸ்திரேலியாவின் முங்கோ ஏரி தாங்கள் அறியாததல்ல. அங்கே 1974-ல் நிலவியலாளர் ஜிம் பௌலர் கண்டெடுத்த மனிதரை, சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன், மல்லாக்கக் கிடத்தி, கைகளைக் கோத்து வைத்து, மேலே செங்காவிப் பொடி தூவிப் புதைத்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் காவிக்கல் கிடையாது. வெகுதொலைவிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். இதுவா கையில் கிடைத்தது?

நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன். கடைச் சாயம் வாங்க வக்கில்லாத வயதில் காவிக்கல்லை அம்மியில் அரைத்துத்தான் வரைந்தேன். ஒரு கிண்ணம் நைஸான பொடி எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். மஞ்சள் காவியைத் தணலில் போட்டால் சிவந்துவிடும் என்பதும் அப்போது கற்றதுதான். இஸ்ரேலின் கஃப்ஸே குகையில், சுமார் 92,000 ஆண்டுப் பழைய புதைகுழிகளோடு கிடைத்த காவித் துண்டுகளிலும் சூடேற்றிய தடயம் உண்டு. வேலை தெரிந்தவர்கள் ஐயா அவர்கள்.

சிவப்பு என்றால் ரத்தம், ரத்தம் என்றால் மறுபிறவி என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். கூடவே இருந்து கேட்டார் போலும். காவி தோல் பதனிடவும் உதவும். உடுத்தியிருந்த தோலாடையிலிருந்துகூட எலும்பில் ஏறியிருக்கலாம்.

இது முதல் தடவையும் அல்ல. வேல்ஸின் பாவிலண்ட் குகையில் காவி படிந்து கிடைத்த எலும்புக்கூட்டை, முன்பொரு துணுக்கில் 'ரோமானியர் காலத்துப் பெண்' என்று போட்டீர்கள். 1823-ல் அதைத் தோண்டியெடுத்த வில்லியம் பக்லண்ட் அப்படி நினைத்தார், சரி. அது ஆண் என்று சொல்லியே நூறு வருஷத்துக்கு மேலாகிறது. வயது 33,000 ஆண்டுக்குக் குறையாது. தங்கள் அலுவலகத்துக்குத் தபால் தாமதம் போலிருக்கிறது. அப்போதும் கடிதம் எழுதினேன். இதழைப் பாராட்டிய முதல் வரியை மட்டும் பெரிய மனதோடு பிரசுரித்தீர்கள்.

அப்புறம், நிறத்தைப் பற்றிய கட்டுரைக்குக் கறுப்பு வெள்ளைப் படம். நடிகையின் புடவைக்கு வழவழ தாளில் நாலு பக்கம்!

நான் கேட்பது அடுத்த இதழின் ஏதாவதொரு மூலையில் இரண்டு வரித் திருத்தம். படம் போடுவதானால் முங்கோ மனிதரின் எலும்பு வேண்டாம்; போராடி 2017-ல்தான் அவரைச் சொந்த மண்ணுக்குத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள் அவருடைய வழிவந்த பழங்குடி மக்கள். ஒரு காவிக்கல்லைப் போடுங்கள். கலரில்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மதுரை.