அந்த ஆசிட்டுக்குத் தண்ணீர் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் கடிதப் பகுதியில் கோலாலம்பூர் வாசகர் ஒருவர் ஆசிட் பட்டால் என்ன செய்வது என்று எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், பெரும்பகுதி சரியும்கூட. உடனே தண்ணீர், நிறையத் தண்ணீர், பட்ட துணியைக் கழற்று, பற்பசை தடவாதே, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் எந்த ஆசிட்டாக இருந்தாலும் கழுவிய பிறகு வலி இல்லையென்றால் பயப்பட வேண்டியதில்லை என்று முடித்துவிட்டார். ஹைட்ரோபுளோரிக் ஆசிட் விஷயத்தில் அதை நம்பினால் ஆளே போய்விடலாம். தயவுசெய்து அதற்கு ஒரு திருத்தம் போடுங்கள்.

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சிப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் ரசாயன ஸ்டோரில் பல வருடம் வேலை பார்த்தவன். அங்கே இதை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எச்.எஃப். என்றுதான் சொல்வோம். சல்பூரிக் ஆசிட் டிரம்மைச் சர்வசாதாரணமாக உருட்டிக்கொண்டு போகிறவர்கள்கூட எச்.எஃப். பக்கம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சிலிக்கான் தகட்டின் மேல் இருக்கும் ஆக்சைடு படலத்தை அரிக்க இதுதான் வேண்டும், கண்ணாடியையே தின்னும் சரக்கு, அதனால் கண்ணாடி போத்தலில் வைக்கவே முடியாது, கெட்டியான பாலிஎத்திலீன் கேனில்தான் வரும்.

வேதியியல் புத்தகத்தில் இதைப் பலவீனமான அமிலம் என்று போட்டிருக்கும். படித்த பிள்ளைகள் சிலர் அதைப் பார்த்துவிட்டு அலட்சியமாக இருப்பதுண்டு. உண்மையில் வம்பே அங்கேதான் இருக்கிறது. மற்ற ஆசிட் தண்ணீரில் உடனே பிரிந்து தோலின் மேல்பக்கத்தைச் சுட்டுவிடும், நாமும் ஐயோ என்று கத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடுவோம். இது பெரும்பாலும் பிரியாமல் முழுசாகத் தோலுக்குள் இறங்கி, அங்கே போய்த்தான் புளோரைடை விடும். அந்தப் புளோரைடு உடம்பில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். கால்சியம் எலும்புக்கு மட்டும் வேண்டியதல்ல, இதயம் ஒழுங்காகத் துடிப்பதற்கும் வேண்டும். இரத்தத்தில் அது சடாரென்று இறங்கினால் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். செறிவு அதிகமான எச்.எஃப். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டாலே உயிருக்கு ஆபத்தாகலாம்.

வலி வருவதும் செறிவைப் பொறுத்தது. 50 சதவீதத்துக்கு மேல் என்றால் உடனே தெரியும். 20 முதல் 50 வரை என்றால் ஒரு மணியிலிருந்து எட்டு மணி நேரம் கழித்துத்தான் தெரிய வரும். 20க்குக் கீழே என்றால் சில சமயம் 24 மணி நேரம்கூட ஆகும். காலையில் பட்டவன் கழுவிவிட்டு, வலி இல்லை என்று சாப்பிட்டுவிட்டு, படுத்துத் தூங்கியும் விடுவான், அதற்குள் அது பாட்டுக்கு உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இது பெரிய தொழிற்சாலை சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். துருக் கறை எடுக்க டோபி கடைகளில் வைத்திருக்கும் மருந்து, ஏர்கோன் காயில் கழுவும் திரவம், காரின் ஸ்போர்ட் ரிம்மைப் பளபளப்பாக்கும் கிளீனர், இவற்றில் சிலவற்றில் எச்.எஃப். இருக்கிறது, அல்லது தண்ணீரில் கலந்தால் அதே குணம் காட்டும் அம்மோனியம் பைபுளோரைடு இருக்கிறது. எல்லாவற்றிலும் இல்லை, அதனால்தான் லேபிளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பட்டர்வொர்த்தில் ஒரு கார் கழுவும் கடை. பெயர் வேண்டாம். அங்கே ஒரு பையன் ஜப்பான் சிலிப்பரோடு குந்தி உட்கார்ந்து, மினரல் வாட்டர் போத்தலிலிருந்து ஏதோ ஒன்றை ஸ்ப்ரே போத்தலுக்கு மாற்றி ரிம்மில் அடித்துக்கொண்டிருந்தான். போத்தலில் குடிதண்ணீர்க் கம்பெனியின் லேபிள் பாதி கிழிந்து தொங்கியது. கையில் உறை இல்லை. விரல் நுனியெல்லாம் வெளுத்து, ஊறின மாதிரி இருந்தது. வலிக்குதா தம்பி என்று கேட்டேன். "ராத்திரியானா நகத்துக்கு உள்ளே குத்துது அங்கிள், காலையில சரியாயிடும்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பகலில் தொட்டு, இரவில் நகத்துக்கடியில் குத்துகிறது என்றால் எங்கள் ஸ்டோரில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள், எச்.எஃப். வகைதான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். முதலாளியைக் கேட்டால் "வெறும் சோப்புதான் பாஸ்" என்கிறார். பின்பக்கம் போய் டிரம்மைப் பார்த்தால் லேபிளில் அம்மோனியம் பைபுளோரைடு என்று தெளிவாகவே இருக்கிறது, மண்டையோட்டுப் படத்தோடு! லேபிளைப் படம் எடுத்துப் பையனின் கைப்பேசிக்கு அனுப்பி, இதைக் காட்டி வைத்தியம் பார் என்று அனுப்பிவைத்தேன். சோப்புப் பட்டது என்று சொல்லிக்கொண்டு போனால் பாவம், டாக்டர்தான் என்ன செய்வார், வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்.

சரி, பட்டால் என்ன செய்வது? முதலில் தண்ணீர்தான், அதில் சண்டையே இல்லை. துணி, மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். ஆனால் அதோடு நிற்காமல் 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தடவ வேண்டும். ஜெல் கைவசம் இருந்தால் ஐந்து நிமிடம் கழுவியதும் ஆரம்பித்துவிடலாம், இல்லையென்றால் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். தேய்த்துவிடுகிறவரும் கையுறை போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரும் நோயாளி. விரலில் பட்டிருந்தால் ஒரு கையுறைக்குள் ஜெல்லைப் பிதுக்கி அதற்குள் கையை விட்டுக்கொள்ளலாம், நாங்கள் அப்படித்தான் பயிற்சி எடுத்தோம். வலி குறைகிறதா என்பதுதான் மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு அடையாளம், எனவே மரத்துப்போக ஊசி போடச் சொல்லி நீங்களே கேட்காதீர்கள். வலி நின்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். கண்ணில் பட்டால் தண்ணீர் மட்டும்தான், ஜெல் போடக் கூடாது. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புகையைச் சுவாசித்தவர் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம் ஒன்று, கால்சியம் என்று எழுதியதைப் பார்த்துவிட்டு யாராவது வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துத் தடவிவிடப் போகிறார்கள். வேண்டாம், அது தன் பங்குக்குத் தோலைப் புண்ணாக்கிவிடும்.

எங்கள் தொழிற்சாலையில் ஜெல் பூட்டிய அலமாரியில் இருக்காது. வெட் பெஞ்ச், அதாவது ஆசிட் தொட்டிகள் இருக்கும் வேலை மேசை, அதன் பக்கத்துச் சுவரில், அவசர ஷவருக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு பெட்டி, மாதாமாதம் காலாவதித் தேதியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது எரிச்சலான வேலைதான், ஆனாலும் யாரும் தட்டிக்கழித்ததில்லை. கையுறையும் அப்படியே. உலகத்துக்கே ரப்பர் கையுறை விற்கிற நாடு நம்முடையது, நம் பையன்கள் வெறுங்கையோடு வேலை செய்கிறார்கள்! ஆனால் கிளினிக்கில் போடும் மெல்லிய கையுறை இதற்கு ஆகாது, நியோபிரீன் அல்லது பியூட்டில் ரப்பரில் நீளமான தடித்த உறை வேண்டும், போடுவதற்கு முன் காற்றை ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகத்துக்குக் கவசம், காலுக்குப் பூட்ஸ்.

கொட்டிவிட்டால் மணலை அள்ளிப் போடுவது நம் ஆட்கள் வழக்கம். இதற்கு அது கூடாது. மணலும் கண்ணாடியும் ஒரே சிலிக்கா, எச்.எஃப். அதையும் அரித்து இன்னொரு விஷ வாயுவைக் கிளப்பிவிடும். பயிற்சி பெற்றவர் கால்சியம் கார்பனேட் பொடி போட வேண்டும், மற்றவர்கள் விலகி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதே மேல். தென்கொரியாவின் குமி நகரில் 2012 செப்டம்பர் 27 அன்று லோரியிலிருந்து தொட்டிக்கு மாற்றும்போது எச்.எஃப். கசிந்தது, ஏறத்தாழ 8 டன், 5 பேர் இறந்தார்கள், ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் சிகிச்சைக்குப் போனார்கள், சுற்றியிருந்த பயிரெல்லாம் கருகிப்போனது. அது தண்ணீர் கலக்காத சரக்கு, 19.5 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நம் ஊர் வெயிலில் அது திரவமாக நிற்கவே நிற்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட் ஆகிவிட்டது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், முதலாளி ஒன்றும் செய்யாதபோது, அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. சின்ன கடைக்கும் சேர்த்துத்தான். 2013ஆம் ஆண்டு ரசாயன லேபிள் விதிப்படி லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், அதுவும் பெரிய டிரம்மில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ரிம் கழுவுகிறவர்கள் நேப்பாளி, வங்காளதேசி, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், அவர்கள் கைக்குப் போகிற போத்தலில் எந்த மொழியும் இல்லை. சின்னப் போத்தலுக்கு மாற்றினால் அதிலும் பெயரையும் ஆபத்துப் படத்தையும் ஒட்டுங்கள், ஒரு மார்க்கர் பேனா போதும். விற்கிற ஹார்ட்வேர் கடைக்காரர்கள் பாதுகாப்புத் தரவுத் தாளை, அதாவது சரக்கின் ஆபத்தும் முதலுதவியும் எழுதியிருக்கும் தாளை, கேட்டால் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். சந்தேகம் வந்தால் பினாங்கு யு.எஸ்.எம். பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய விஷ மையத்தைக் கேட்கலாம், பொதுமக்களும் கேட்கலாம்.

என்னைக் கேட்டால் ரிம்முக்கு இந்தச் சரக்கே தேவையில்லை. கார் ஷாம்பூ, பிரஷ், கொஞ்சம் கைவேலை. ஆசிட் இல்லாத கிளீனரும் கிடைக்கிறது. இதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுக்கும் முதலாளிகள் மிச்சம் இருப்பதை லோங்காங்கில், அதாவது சாக்கடையில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். 2005ஆம் ஆண்டு விதியில் கழிவு ஆசிட் அட்டவணைக் கழிவு, அதாவது அபாயக் கழிவுப் பட்டியலில் உள்ளது, உரிமம் உள்ளவர்கள்தான் எடுக்க முடியும். திறக்காத டிரம் என்றால் விற்றவரிடமே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ரசாயன ஸ்டோர் ஊழியர்,
பட்டர்வொர்த், பினாங்கு