முகம் தெரியாத பெற்றோருக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணிபுரியும் அனைவருக்கும் வணக்கம்.

என் மகன் நிறைமாதக் குழந்தை. பிறந்ததும் அழவில்லை. மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் சில மணி நேரத்திலேயே வலிப்பு வந்துவிட்டது. சிசேரியன் முடிந்து மனைவி வேறொரு மருத்துவமனையில் படுத்திருக்க, நான் மட்டும் அவனோடு 108 வண்டியில் ஏறினேன். வழி நெடுக அவன் மூச்சை விட்டுக் கண்ணெடுக்காத அந்தத் தம்பிக்கு நன்றி. "அப்பா, கை கழுவிட்டு வாங்க, உங்க குரலைக் கேட்கட்டும்" என்று கூப்பிட்ட சிஸ்டருக்கும் நன்றி.

குழாய் வழியே அவனுக்குள் இறங்கிய முதல் பால் அவன் அம்மாவுடையது அல்ல. தாய்ப்பால் வங்கியில் 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பாதுகாத்த பால் அது. தன் பிள்ளைக்குப் போக மிஞ்சியதைப் பீய்ச்சிக் கொடுத்த தாய் யாரோ, அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இப்படிப் பிறக்கும் குழந்தைகளின் மூளை மேலும் பாதிக்கப்படாமல் இருக்க, வெளிநாடுகளில் அவர்கள் உடலை 72 மணி நேரம் குளிர்வித்து வைப்பார்களாம். "நம்ம பிள்ளைக்கு அது கிடையாதா?" என்று டாக்டரிடம் கேட்டேன். அவ்வளவு வேலைக்கு நடுவிலும் உட்கார்ந்து விளக்கினார். வசதியான நாடுகளில் அது பலன் தந்திருக்கிறது. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 7 மருத்துவமனைகளில் 2015 முதல் 2019 வரை 408 குழந்தைகளை வைத்து ஆராய்ந்தபோது, குளிர்வித்த குழந்தைகளில் நூற்றுக்கு 42 பேர் இறந்திருக்கிறார்கள். மற்றவர்களில் 31 பேர். 2021இல் முடிவு வெளியானது. அந்த ஆய்வில் எழும்பூரும் இருந்தது.

குழந்தை பிழைக்குமா என்றே தெரியாத நேரத்தில் அந்த ஆய்வுக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட பெற்றோரை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் பலர் வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் சம்மதித்திராவிட்டால், வெளிநாட்டில் நல்லது இங்கேயும் நல்லதுதான் என்று நம்பி என் மகனையும் குளிரில் கிடத்தியிருப்பார்கள்.

அவனுக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. வலது கை கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது, பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறோம். பெயரைச் சொன்னால் திரும்பிச் சிரிக்கிறான்.

அந்த ஆய்வில் சேர்ந்த பெற்றோரில் யாராவது இதைப் படித்தால், உங்கள் பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எங்கள் வீட்டில் உங்களுக்குக் கடன்பட்ட ஒரு குழந்தை வளர்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நன்றியுடன்,
ஒரு தகப்பன், வியாசர்பாடி