மேற்காலத் தோட்டத்துப் பிள்ளை வந்திருந்தாள்

அம்மிணி,

போனில் கேட்டால் "நல்லா இருக்கேனுங்ப்பா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். டொராண்டோவில் குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஓடுவதை மட்டும் விட்டுவிடாதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மஞ்சள் நன்றாக வந்திருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் போகிறது. வேறு விசேஷம் இல்லை.

மேற்காலத் தோட்டத்துப் பிள்ளை போன மாதம் வீட்டுக்கு வந்தாள். டிசம்பரில் கோயம்புத்தூர் மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓடப்போகிறாளாம். "விடியறதுக்கு முன்னால தனியா ஓட ஒரு மாதிரியா இருக்குதுங் மாமா, வண்டி எடுத்துட்டு வர்றீங்களா?" என்றாள். ஆக, டிவிஎஸ் வேலை எனக்கு மறுபடியும் வந்துவிட்டது. கிளம்பும்போது, "அவ எப்படிங் இருக்கா?" என்று கேட்டாள். அதை அவள் என்னிடம் கேட்கிறாள். நல்லா இருக்கா என்று சொல்லி அனுப்பினேன். உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. அது உங்கள் சமாச்சாரம்.

அங்கே யாரோடு ஓடுகிறாய்? கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய். ஓடுகிறாயா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில்தான் தினமும் ஓட வேண்டும் என்று உங்கள் பி.டி. வாத்தியார் சொன்னாலும் சொன்னார், நீங்கள் இரண்டு பேரும் அதைப் பேசுவதற்குக் கிடைத்த லைசென்ஸ் ஆக்கிக்கொண்டீர்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் எனக்கு உங்கள் நான்கு குதிகால்தான் தெரியும். பேச்சு பாதிதான் காதில் விழும். "வெளிச்சம் வர்றதுக்கே அத்தனை வருசம்னா அந்த நட்சத்திரம் இப்ப..." என்பாய், வண்டி பள்ளத்தில் இறங்கும், மீதி போய்விடும். அந்த நட்சத்திரம் இருக்கிறதா இல்லையா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

2023-ல் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடக்கூடாது என்று ஊரே எதிர்த்து நின்றபோது நீ லீவுக்கு வந்திருந்தாய். 124 மைல் போகிற தண்ணீர் வழியிலேயே கசிந்து போனால் கடைமடைக்காரன் என்ன செய்வான் என்று நீ கேட்டாய். கசிவது வீண் இல்லை, அதுதான் நம் கிணறு, ஆடு மாடு குடிப்பதும் அதைத்தான் என்று அவள் சொன்னாள். நிலத்துக்குள் இறங்கிய தண்ணீர் யாருடையது என்று ஓடிக்கொண்டே பாலத்துக்குப் பாலம் சண்டை. நம் கிணறே அந்தக் கசிவில் ஊறுகிற கிணறு. அது தெரிந்தும் முகம் தெரியாத கடைமடைக்காரனுக்காகப் பேசினாய். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் என் மகள் இப்படிப் பேசுகிறாள் என்று சந்தையில் நாலு பேரிடம் நானே சொன்னேன். நீங்கள் என்னடா என்றால், வீட்டுக்கு வந்து ஒரே சொம்புக் கம்மங்கூழை மாற்றி மாற்றிக் குடித்தீர்கள். அவ்வளவு சண்டைக்குப் பிறகும் அப்படி இருந்தவர்கள்.

இப்போது அவள் வாயே திறக்காமல் ஓடுகிறாள். செருப்புச் சத்தம் மாதிரி ஷூ சத்தம் மட்டும்தான். எனக்கே பாவமாகப் போய், போன வாரம் பக்கத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு மஞ்சள் விலையைப் பற்றிப் பேசினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு அவளாகவே ஒன்று சொன்னாள். கம்ப்யூட்டருக்கு அடிப்படைக் கணக்குப் போட்ட ஆலன் டூரிங் நல்ல ஓட்டக்காரராம். 1947-ல் ஒரு மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடினாராம். "அவர் யாரோட பேசிட்டு ஓடுனாரு?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். அப்புறம், "இதை அவகிட்டச் சொல்லியிருந்தா இந்நேரம் பவானிசாகர் வரைக்கும் ஓடியிருப்போமுங் மாமா" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

படிப்பில் உன்னைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அத்தனை தூரம் தனியாகப் போய்ச் சமாளிக்கிறாய், எனக்கு அந்தத் தைரியம் வராது. ஆனால் பேச்சை நிறுத்திக்கொள்வது நம் வீட்டுப் பழக்கம் இல்லை அம்மிணி. உன் அம்மா என்னைத் திட்டாத நாள் உண்டா? அவள்மேல் தப்பு இருந்தால் அதையும் ஓடிக்கொண்டே சொல்லிவிடு. நேருக்கு நேர் முகம் பார்க்க வேண்டியதில்லை.

காதை மூடிக்கொண்டு ஓடு. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். அங்கே சனிக்கிழமை ராத்திரி ஏழரை. காதில் அந்த ஒயர் இல்லாத போனை மாட்டிக்கொண்டுதான் ஓடுகிறாள். நம்பர் மாற்றவில்லை. நீ கூப்பிட்டால் நான் வண்டியைக் கொஞ்சம் தள்ளியே ஓட்டி வருகிறேன்.

அப்பா