பதிவுகளை எண்ணினீர்கள், ஒன்றையாவது படித்தீர்களா?

விண்ணப்பதாரர்களின் இணையச் சுவட்டை அளந்து மதிப்பெண் போடும் ஆள்தேர்வு அலுவலர்களுக்கும், அந்த அறிக்கையைத் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

விண்ணப்பதாரர் இணையத்தில் எத்தனை பதிவு எழுதுகிறார் என்று குறிக்க உங்கள் படிவத்தில் 'பதிவு அடர்த்தி' என்றொரு கட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அண்மையில் அதில் என்ன எழுதி ஒருவரை வேண்டாம் என்றீர்கள் என்பதும் தெரியும். "மிக அதிகம். நள்ளிரவில் தொடர் செயல்பாடு. கவனச்சிதறலுக்கு வாய்ப்பு." இணைய மன்றங்களை நடத்தியும், அங்கே எழுதப்படுவதைக் கண்காணித்து மட்டுறுத்தியும் வருகிற நாங்கள் அந்த மூன்று வரிகளைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

அவருடைய பதிவுகள் எல்லாரும் பார்க்கக்கூடியவை. நீங்கள் பார்த்த அதே பக்கத்தை நாங்களும் பார்த்தோம். படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்பவர்களுக்கான மன்றம் அது. இரவு 11, 1, 3, 5 என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பதிவு. படுக்கைப் புண் வராமலிருக்க நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது வழக்கம். குழாய் வழியாக உணவு கொடுத்தால் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி, கொடுத்து முடித்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். அந்த நேரத்தில் தூங்கவும் முடியாது, வேறு வேலையில் இறங்கவும் முடியாது.

அப்போது அவர் எழுதியிருப்பது என்ன? குழாய் அடைத்துக்கொண்டது என்று பதறிய ஒருவருக்கு, வெதுவெதுப்பான நீரை ஊசிக்குழலில் எடுத்து மெல்லத் தள்ளி இழுத்துப் பார்க்கச் சொல்கிறார். பலம் கொடுத்து அழுத்தினால் குழாய் கிழியும் என்கிறார். மாத்திரைகளை ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே பொடித்துக் கொடுக்கச் சொல்கிறார். உடலில் மெல்ல மெல்ல மருந்தை விடும்படி செய்த மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, மருத்துவரிடம் சொல்லி வேறு வடிவில் வாங்குங்கள் என்று எச்சரிக்கிறார். இரவுக்கு 4 பதிவு என்றால் ஆண்டுக்கு 1,460. உங்கள் கட்டத்தில் போய் விழுந்தது அந்த எண் மட்டும்தான்.

நேரம் தவறாமல் விழித்திருந்து, முன்பின் அறியாதவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவருக்கு நீங்கள் வைத்த பெயர் கவனச்சிதறல். படித்ததும் எங்களுக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் கேட்பதைப் பணிவாகவே கேட்கிறோம்: பதிவுகளின் எண்ணிக்கையை வைத்து மனிதருக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள்.

அந்த எண் எப்படி உருவாகிறது என்று உங்களுக்கு அறிக்கை தருபவர்களைக் கேட்டுப் பாருங்கள். "நன்றி" என்ற ஒற்றைச் சொல்லும் ஒரு பதிவு, 3,000 சொல்லில் எழுதிய வழிகாட்டியும் ஒரு பதிவு. ஒரு கேள்வியும் அதன் கீழ் தொடரும் விடைகளும் சேர்ந்ததை இழை என்போம்; மட்டுறுத்துநர் போடும் "இந்த இழை பூட்டப்பட்டது" என்ற அறிவிப்பும் ஒன்று. அரட்டைப் பகுதியில் எழுதுவது சில மன்றங்களில் கணக்கில் சேரும், சிலவற்றில் சேராது. அது நிர்வாகி வைத்த அமைப்பைப் பொறுத்தது. பழைய இழைகளை நீக்கினால் எண் இறங்கிவிடும். ஒரே புனைபெயரை இரண்டு தளங்களில் இரண்டு பேர் வைத்திருப்பது சர்வசாதாரணம். அறிக்கையோ இருவரையும் கூட்டி ஒருவராக்கிவிடுகிறது.

நேரத்தில் வரும் பிழை இன்னும் மோசம். பல மன்றங்கள் உள்ளே நுழையாத பார்வையாளருக்கு உலகப் பொது நேரத்தையே (யுடிசி) காட்டும். தகவல் திரட்டும் நிரலுக்குக் கிடைப்பதும் அதுதான். அந்த நேரத்துக்கு 8 மணி முன்னால் இருக்கும் இடத்தில் ஒருவர் காலை 9 மணிக்கு எழுதியது நள்ளிரவு 1 மணி என்று பதிவாகும். வேலை முடிந்து வீட்டில் இரவு 9 மணிக்கு எழுதியது பகல் 1 மணி ஆகிவிடும். முதலாமவர் தூக்கம் கெட்டவர், இரண்டாமவர் அலுவலக நேரத்தைத் திருடுகிறவர் என்று முடிவு கட்டிவிடலாம். இரண்டும் பொய்.

'சராசரியை விடப் பல மடங்கு' என்றும் எழுதுகிறீர்கள். இணையச் சமூகங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் படிக்க மட்டுமே வருவார்கள், 9 விழுக்காட்டினர் எப்போதாவது எழுதுவார்கள், பெரும்பகுதியை எழுதுவது 1 விழுக்காட்டினர் என்று இணையத்தள பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். 100 பேர் கொண்ட மன்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 90 பேர் எழுதவே இல்லை, 9 பேர் ஆளுக்கு 10 பதிவு, ஒருவர் 1,000. சராசரி 10.9. 100 பேரில் 99 பேர் அந்தச் சராசரிக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அந்த ஒருவரின் விடைகளைப் படிக்கத்தான் பெரும்பாலும் அந்த 90 பேரும் வருகிறார்கள். அவரைப் பழுதான ஆள் என்று வடிகட்டினால் மன்றமே இருக்காது.

இந்தத் தளங்களைக் கட்டியவர்களே எண்ணிக்கையை நம்பவில்லை. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமாக 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் விடை எழுதியதற்காகப் புள்ளி கிடையாது. அது பயன்பட்டது என்று ஒருவர் வாக்களித்தால்தான் 10 புள்ளி. மன்றங்களை நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் மென்பொருளில், நிர்வாகி எதையும் மாற்றாத இயல்பமைப்பில், புதியவர் அடுத்த நிலைக்கு உயர, 5 இழைகளைத் திறந்து 30 பதிவுகளைப் படித்து, படிப்பதில் 10 நிமிடம் செலவிட்டிருக்க வேண்டும். எழுதியது எத்தனை என்று அங்கே கேட்பதே இல்லை.

அடிமைத்தனம் என்ற சொல்லையும் அறிக்கைகளில் பார்க்கிறோம். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, ஐசிடி-11, விளையாட்டுப் பழக்கக் கோளாற்றைச் சேர்த்திருக்கிறது. அதற்கே இத்தனை மணி நேரம் என்று எல்லை வைக்கவில்லை. கட்டுப்பாடு இழந்திருக்கிறாரா, மற்ற எல்லாவற்றையும் விட அது முந்திக்கொண்டதா, கேடு வந்த பிறகும் விடாமல் தொடர்கிறாரா என்றுதான் பார்க்கச் சொல்கிறது. அதுவும் பொதுவாக 12 மாதம். மருத்துவரே எண்ணை வைத்துச் சொல்லாததை ஒரு நிரல் சொல்கிறது, நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

கணக்கே இல்லாதவரையும் நீங்கள் விடுவதில்லை. 'இணைய இருப்பு போதாது' என்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அலுவலக அரட்டையில் எத்தனை செய்தி அனுப்பினார், பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எத்தனை மணி நேரம் எரிந்தது, விசைப்பலகையை எத்தனை முறை தட்டினார் என்று அங்கேயும் எண்ணுகிறீர்கள். வெளியே அதிகம் எழுதினால் குற்றம், உள்ளே குறைவாக எழுதினால் குற்றம். எண்ண முடிவதெல்லாம் உங்களுக்கு உண்மையாகிவிட்டது, படித்தால்தான் தெரிவதற்கு நேரமில்லை. இது தனியே பேச வேண்டியது. கேட்க வந்ததற்கே திரும்புகிறோம்.

அதிகம் எழுதுவதில் எதுவுமே தெரியாது என்று நாங்கள் சொல்லவில்லை. நாள் முழுக்கச் சண்டைக்கு இழுப்பவர்களை அன்றாடம் நாங்கள்தான் தடைசெய்கிறோம். ஆனால் எழுதியதைப் படித்துத்தான் செய்கிறோம். பார்த்தே தீருவோம் என்றால் முதலில் அந்தக் கணக்கு அவருடையதுதானா என்று அவரையே கேளுங்கள். மொத்தப் பதிவுகளிலிருந்து குலுக்கல் முறையில் 20 எடுங்கள். மேலே இருக்கும் புதியவை மட்டும் வேண்டாம், அவை அந்த வாரத்து மனநிலையை மட்டுமே காட்டும். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள். தவறான விடையைச் சத்தமில்லாமல் அழித்தாரா, திருத்தி "முன்பு தவறாக எழுதிவிட்டேன்" என்று குறித்தாரா என்று பாருங்கள். ஐம்பதாவது முறையாக அதே கேள்வியோடு வரும் புதியவரிடம் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். நேரத்தை அவர் இருக்கும் இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முடிவு சொல்வதற்கு முன் அவருடைய விளக்கத்தையும் கேளுங்கள். 20 பதிவைப் படிக்க அரை மணி நேரம் போதும். அதற்கும் நேரமில்லை என்றால் அந்தக் கணக்கைத் திறக்காமலே விட்டுவிடுங்கள், விண்ணப்பத்தில் இருப்பதே போதும்.

பதிவுகளின் எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். 'பதிவு அடர்த்தி' என்ற கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதன் பெயரால் ஒதுக்கிய விண்ணப்பங்களை, இரவு 11, 1, 3, 5 மணிக்கு எழுதியவருடையதிலிருந்து தொடங்கி, மறுபடி எடுத்துப் பாருங்கள். அவரை நேர்காணலுக்கு அழைப்பதாக இருந்தால், ஒரு நாள் முன்னதாகவே நேரத்தைச் சொல்லுங்கள். அவர் வெளியே வர வேண்டுமென்றால் இன்னொருவர் வந்து நோயாளியின் அருகில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இணைய மன்றங்களின் மட்டுறுத்துநர்கள் சிலர்