பயிர் காக்கும் துவக்குக்குச் சட்டத்தில் தனி இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் பாதாளக் குழுக்களின் கைத்துப்பாக்கியும் ரி-56 தானியங்கித் துப்பாக்கியும்தான் முன்னுக்கு வருகின்றன. அவற்றை அடக்கத்தான் வேண்டும். ஆனால் கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கங்களில் உருளைக்கிழங்குப் பாத்திக்குக் காவல் நிற்கும் ஒற்றைக்குழல் 12 போர் (குழலின் அளவு) துவக்கும் அதே சட்டத்துக்குள்தான் கிடக்கிறது. 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்கென்று வழங்கிய ஆயுதங்களை மட்டும் மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது. நிர்வாகத்தில் பிரித்துப் பார்க்க முடிந்ததைச் சட்டத்திலும் பிரித்து எழுதலாம். அனுமதிப்பத்திரம் உள்ள மரக்கறிச் செய்கையாளர்களான எங்களுடைய முதல் எதிர்பார்ப்பு அதுதான்.

அடுத்தது காணி. பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு விண்ணப்பிப்பவர் கிராம உத்தியோகத்தர், கமநல நிலையம், பொலிஸ், பிரதேச செயலகம் என்று படியேறித்தான் மாவட்டச் செயலகத்துக்குப் போக வேண்டும். தேயிலைத் தோட்டத்து ஆள் முதற்படியிலேயே நின்றுவிடுவார். காணி அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளின் கையில். லயம் என்னும் வரிசைவீட்டடியிலும் கைவிட்ட தேயிலை மலையிலும் அவர் கோவாவும் லீக்ஸும் போட்டிருப்பது ஊருக்கே தெரியும், ஆனால் காணி உறுதிப்பத்திரம் கிடையாது. வீட்டுத் திட்டத்தில் பத்திரம் கிடைத்திருந்தாலும் அது பெரும்பாலும் 7 பேர்ச்தான். வீட்டைக் கட்டினால் மரக்கறிச் செய்கைக்குப் போதுமான இடம் மிஞ்சாது. உறுதியைக் கேட்டால் அவர் எதைக் காட்டுவார்?

அவரைப் பன்றி விட்டுவைப்பதில்லை. விதைக்கிழங்கு நட்ட மூன்றாம் நாளே கிண்டும்; கிழங்கு பருக்கும் காலத்தில் ஒரே இரவில் பாத்தி பாத்தியாகப் புரட்டிவிடும். சட்டப்படி வழியில்லாதவர் கம்பியில் கால் பட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்கிறார், சுருக்குக் கம்பி போடுகிறார், வீட்டு மின்சாரத்தை வேலியில் இழுத்துவிடுகிறார். வேலிக்கென்று செய்த கருவி நொடிக்கு ஒரு தரம் மிகச் சிறிய அதிர்வைத்தான் அனுப்பும். தொட்டவன் கையை இழுத்துக்கொள்ளலாம். வீட்டுக் கம்பியின் 230 வோல்ட் விடாமல் ஓடும், தசை இறுகிக் கை கம்பியிலேயே ஒட்டிக்கொள்ளும். கட்டுத்துவக்குக்கும் கண் கிடையாது. காலையில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்ணின் கால் பட்டாலும் அது வெடிக்கும். சுருக்கும் அப்படித்தான். 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டி, சில நாளில் செத்துப்போனது. வனசீவராசிகளை நேசிப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். பயிற்சி பெற்றவன் கையிலுள்ள துவக்கு இன்னது பன்றி, இன்னது சிறுத்தை என்று பார்த்த பிறகுதான் வெடிக்கும். கம்பி எதையும் பார்ப்பதில்லை.

ஆகவே உறுதிக்குப் பதிலாகச் செய்கைச் சான்றிதழ் ஒன்றைச் சட்டம் ஏற்க வேண்டும். எத்தனை பேர்ச், என்ன பயிர், எத்தனை போகம் என்பதைக் கமநல உத்தியோகத்தர் நேரில் பார்த்து எழுதட்டும். தோட்ட நிர்வாகம் ஆட்சேபம் இல்லை என்று கையொப்பமிடட்டும். அது காணி உரிமையைக் கொடுக்காது என்று அதே தாளில் அச்சிட்டுவிட்டால் கம்பனிகளும் பயப்பட வேண்டியதில்லை.

இதனால் லயத்துக்கு லயம் துவக்கு வந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. எங்களுக்கும் அது வேண்டாம். பத்துப் பதினைந்து செய்கையாளருக்கு ஒரு துவக்கு, பெயர் குறித்த இரண்டு காவலாளர் போதும். ஒற்றைக்குழல் துவக்கு மூன்று துண்டாகக் கழலும்: குழல், முன்கட்டை, விசையோடு சேர்ந்த பிடி. குழல் ஒருவர் வீட்டு இரும்புப் பெட்டியில், விசைப்பகுதி மற்றவர் பெட்டியில் என்று வைத்தால் தனி ஒருவன் திருடினாலும், குடித்துவிட்டுக் கோபத்தில் தேடினாலும் முழுத் துவக்கு கையில் வராது. பெட்டியைச் சுவரில் நாலு போல்ட் போட்டு இறுக்க வேண்டும், லயத்துப் பலகைத் தடுப்பில் அல்ல. தோட்டா மூன்றாவது இடத்தில். பொலிஸ் நிலையத்தில் வைத்து எடுக்கலாமே என்பார்கள். பன்றி நடுச்சாமத்தில் வருகிறது, பொலிஸ் நிலையமோ ஐந்தாறு மைலுக்கு அப்பால். அது நடக்காத காரியம்.

பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் துவக்கைக் கொடுப்பதற்கு முன் ஒரு முழுநாள் பயிற்சியும் ஒரு சோதனையும் கட்டாயமாக வேண்டும். மலைநாட்டில் பிழை நடப்பது பெரும்பாலும் இருட்டிலும் சரிவிலும்தான். டோர்ச் வெளிச்சத்தில் கண் பளிச்சென்று மின்னினால் அது பன்றியாக இருக்கச் சாத்தியம் குறைவு, ஏனென்றால் பன்றியின் கண்ணில் ஒளியைத் திருப்பும் படலம் இல்லை. மின்னுவது மாடு, நாய், மரை, சிறுத்தை. கண்ணைப் பார்த்துச் சுடுகிறவன் பிழையானதைத்தான் சுடுவான். முழு உடம்பும் தெரியாமல் விசையில் விரல் போகக்கூடாது. மூடுபனி இறங்கிவிட்டால் அன்றைக்குத் துவக்கை மடக்கிவிட வேண்டும்.

எஸ்.ஜி. என்னும் பெருங்குண்டுத் தோட்டாவில் வழக்கமாக 9 குண்டு. 30 மீற்றருக்குள் சுட்டால் அவற்றில் பல பன்றியின் உடம்பில் படும். 50 மீற்றரைத் தாண்டினால் விரிந்துவிடும். ஒன்றிரண்டு மட்டும் பட்ட பன்றி காயத்தோடு தேயிலைக்குள் படுத்துக்கொண்டு மறுநாள் கொழுந்தெடுக்கும் பெண்கள்மீது பாயும். படாத குண்டோ அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலும் போகக்கூடியது. கீழே லயம் இருக்கும் சரிவில் கீழ்நோக்கியும், மேட்டு விளிம்பில் வானத்தை நோக்கியும் சுடவே கூடாது. பின்னால் மண்மேடு இருந்தால் மட்டும் சுடலாம். தண்ணீர்க் கான் தாண்டும்போது துவக்கு மடங்கி, தோட்டா வெளியே இருக்க வேண்டும். வழுக்கி விழுந்து குழல்வாயில் சேறு அடைத்தால், அதைக் கவனிக்காமல் வெடித்த குழல் பிளந்துவிடும். 20 போர் தோட்டாவைத் தவறி 12 போர் குழலில் போட்டால் அது உள்ளே வழுகி நடுவில் நிற்கும். பின்னால் இன்னொன்றைப் போட்டு வெடித்தால் இடது கைவிரல் தப்பாது. இத்தனையையும் மூன்று பக்கப் படிவத்தில் ஒரு கையொப்பத்தை வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்துவிட முடியாது.

தோட்டாவுக்கு ஒரு நேர்மையான கணக்கு வேண்டும். சுட்ட வெறுங்கோதைக் கொடுத்தால்தான் புதியது என்று வைத்தால் களவாய் வெளியே போவது நின்றுவிடும். நுவரெலியாவின் ஈரத்தில் கடதாசிக் கோது ஊதிக் குழலுக்குள் போக மறுக்கும். பித்தளை அடி பச்சை பிடிக்கும். ஊதியதை வெடிக்காமலே ஒப்படைத்து மாற்றிக்கொள்ள ஏற்பாடு இல்லாவிட்டால் ஆட்கள் அதைச் சுரண்டித் திணிக்கத்தான் பார்ப்பார்கள்.

அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு டிசம்பர் 31இலும் முடிகிறது. அதை மூன்று வருடத்துக்கு ஆக்கி, துவக்கை மட்டும் வருடந்தோறும் சோதிக்கலாம். வைத்திருந்தவர் இறந்தால் வீட்டார் அன்றே குற்றவாளி ஆகாதபடி, துவக்கைப் பொலிஸில் வைத்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்க 90 நாள் கொடுக்க வேண்டும். கட்டுத்துவக்கைக் கொண்டுவந்து கொடுப்பவரிடம் வழக்குப் போடாமல் வாங்கும் காலம் ஒன்றும், செய்கைச் சான்றிதழ் நடைமுறைக்கு வரும் அதே மாதத்தில் வேண்டும். முன்னதாக அறிவித்தால் யாரும் கொண்டுவர மாட்டார்கள், மாற்றுவழி இன்னும் கையில் வந்திருக்காதே.

குரங்குக்குத் துவக்கு மருந்தல்ல. 2025 மார்ச் 15ஆம் திகதி காலையில் ஐந்து நிமிடம் நாடு முழுவதும் குரங்கையும் மயிலையும் எண்ணினார்கள். அதன்மேல் என்ன செய்வது என்பது வேறு விடயம். வெடிச்சத்தம் கேட்ட கூட்டம் பக்கத்துப் பாத்திக்குப் போகுமே தவிர காட்டுக்குப் போகாது.

கடைசியாக, தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி. விண்ணப்பமும் பாதுகாப்பு அறிவுறுத்தலும் பயிற்சிச் சோதனையும் தமிழில் இருக்க வேண்டும் என்பதைச் சுற்றறிக்கைக்கு விட்டுவிடாமல் சட்டத்திலேயே எழுத வேண்டும். 30 மீற்றர் என்ற எல்லையை வாசித்து விளங்கிக்கொள்ள முடியாதவர் கையில் துவக்கைக் கொடுப்பது அவருக்கும் ஆபத்து, கீழ் லயத்தில் தூங்குகிறவர்களுக்கும் ஆபத்து.

இப்படிக்கு,
அனுமதிப்பத்திரம் பெற்ற மரக்கறிச் செய்கையாளர்கள் சிலர்,
கந்தப்பளை.